காங்கோ ஆத்துல கம்பு நட்டு மீன் பிடிக்கிறாங்களே, அது எப்படி நிக்குது?

கல்லிடை ராசு:

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ஒரு சின்ன வீடியோ பார்த்தேன், இன்னும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அகலமான ஆறு, தண்ணி நுரை தள்ளிக்கிட்டுப் பாயுது. அந்தப் பாய்ச்சலுக்கு நடுவுல ஆள் உயரத்துக்கு மேல பெரிய பெரிய கம்பை முக்காலிக் கணக்கா நிறுத்தி, குறுக்குக் கம்பு கட்டியிருக்காங்க. அது மேல வெறுங்காலோட நடக்கிறாங்க. கீழே கூம்பு வடிவத்துல பெரிய கூடை தொங்குது. "வாகேனியா, காங்கோ"ன்னு மட்டும் போட்டிருந்துச்சு, வேற விவரமே இல்லை.

நான் ஆத்தங்கரையில பிறந்து வளர்ந்தவன். வெள்ளம் வர்ற நேரத்துல இடுப்பளவு தண்ணியில நின்னாலே கால் நிக்காது. அந்த வேகத்துல கம்பு எப்படி நிக்குது? கூடையில மீன் தானா வந்து விழுமா, இரை வைக்கணுமா? நம்ம பக்கம் மடைவாயில வைக்கிற பறிதானா அது? வலையே போடாம எதுக்கு இவ்வளவு பாடு? யாராவது நேர்ல பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க.

மணி 77:

அதெல்லாம் டூரிஸ்ட்டுக்குக் காட்டுற வேலைங்க. கம்புக்கு அடியில கான்கிரீட் போட்டிருப்பான். வெள்ளைக்காரன் போட்டோ எடுத்துக் காசு குடுப்பான், அவ்வளவுதான். உண்மையில மீன் வேணும்னா எவனும் நைலான் வலைதான் போடுவான்.

கிசங்கானி கணக்கப்பிள்ளை:

ராசு தம்பி, நான் பார்த்திருக்கேன். காங்கோவுல கிசங்கானின்னு ஒரு டவுன், அங்க ஒரு மொத்தக் கடையில கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். அரிசி, சோப்பு, துணி, டின் மத்தி எல்லாம் விற்கிற கடை. உலகத்துலயே பெரிய ஆறுகள்ல ஒண்ணு பக்கத்துல ஓடுது, நாங்க டின்ல அடைச்ச மீன் வித்துக்கிட்டிருந்தோம். ஞாயித்துக்கிழமை கடை மூடினா எனக்கு வேற போக்கிடம் கிடையாது. வாகேனியா ஊர் டவுனை ஒட்டினாப்லதான் இருக்கு, அங்க போய் உட்கார்ந்திடுவேன்.

மணி சாருக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். கான்கிரீட்டும் கிடையாது, ஒரு ஆணியும் கிடையாது. 1877-ல ஸ்டான்லின்னு ஒரு வெள்ளைக்காரப் பயணி இந்த ஆத்தோட இறங்கி வந்தப்பவே கம்பும் கூடையும் இருந்ததை எழுதி வச்சிருக்கார். அப்ப எந்த டூரிஸ்ட்டு வந்தான்? இப்ப காசு வாங்குறாங்க, அது உண்மை. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

இடம் எப்படின்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். உபுண்டுன்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சு கிசங்கானி வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டருக்குள்ள அந்த ஆறு ஏழு இடத்துல பாறையில விழுந்து இறங்குது. மொத்தத்துக்கும் சேர்த்து இறக்கம் 60 மீட்டர்தான். அதனால குத்தாலம், பாணதீர்த்தம்னு மேலேயிருந்து குதிக்கிறதை நினைச்சுக்காதீங்க. உயரம் கம்மி, தண்ணி ஏராளம். முன்னாடி ஸ்டான்லி அருவின்னு பேரு, இப்ப போயோமா. அந்த ஏழுல கடைசிதான் வாகேனியா. அதுக்கு மேல ஆத்துக்குப் பேரு லுவாலாபா, அதுக்குக் கீழதான் காங்கோ. கீழே தலைநகர் கின்ஷாசா வரைக்கும் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் படகு போகும். மேல படகு ஏறவே முடியாது. அதுக்காகத்தான் பெல்ஜியக்காரன் 1906-லயே கிசங்கானியில இருந்து உபுண்டுக்கு ஆத்தோரமா 125 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான்.

மத்த எல்லாருக்கும் அந்தப் பாறை ஒரு தடங்கல். வாகேனியாக்காரங்களுக்கு அதுதான் சோறு.

இப்ப கம்பு விஷயம். அந்தப் பாறையில வழுவழுன்னு ஆட்டுக்கல் குழி மாதிரி ஆழமான குழிகள் இருக்கு. தண்ணி பள்ளத்துல சுழலும்போது உள்ள மாட்டின கூழாங்கல்லும் சேர்ந்து சுத்தி, காலங்காலமா குடைஞ்ச குழி. தண்ணி இறங்கினதும் பாறை வெளியே தெரியும். அப்ப கம்போட அடியை அந்தக் குழிக்குள்ள இறக்கிடுறாங்க. மூணு கம்பைச் சாய்ச்சு தலையில ஒண்ணா சேர்த்துக் கொடியால கட்டுறாங்க. ஒரு முக்காலிக்கும் அடுத்த முக்காலிக்கும் நீளக் கம்பு போட்டா நடக்க வழி. தண்ணி தள்ளத்தான் செய்யும். ஆனா கம்பு ஒல்லி, ரெண்டு பக்கமும் வழிஞ்சு போயிடும். மிச்சம் இருக்கிற தள்ளலைப் பாறைக்குழி தாங்கிக்கும். மண்ணுல நட்டிருந்தா ஒரு ராத்திரி நிக்காது.

கட்டுறது காட்டுக்கொடி. பச்சையா இருக்கும்போதே சுத்தி இறுக்கிடணும், காய்ஞ்சா உடையும். ஒருத்தர் கட்டுறதைக் கிட்ட இருந்து பார்த்தேன். கொடியோட ஒரு நுனியைக் கால் கட்டைவிரல் இடுக்குல பிடிச்சுக்கிட்டார். ஒரு கையால கம்பை அணைச்சுக்கிட்டு, இன்னொரு கையால சுத்திச் சுத்தி இழுக்கிறார். ஒவ்வொரு சுத்துக்கும் உடம்பு முழுசா பின்னால சாய்ஞ்சு, தன் கனத்தையே போட்டு இறுக்குறார். முடிச்சுன்னு தனியா ஒண்ணும் போடலை. கடைசி நுனியை முந்தின சுத்துக்கு அடியில குத்தி விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். அவர் போனதும் நான் ஆட்டிப் பார்த்தேன், அசையலை.

தண்ணி ரொம்ப ஏறினா இதெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். அவங்களுக்கு அது அதிசயமே இல்லை. தண்ணி வடிஞ்சதும் காட்டுக்குப் போய் மரம் வெட்டிட்டு வந்து திரும்பக் கட்டுவாங்க. ஒவ்வொரு வருஷச் செலவுலயும் இது ஒரு வரி.

கூடை பறி ஜாதிதான், நீங்க சொன்னது சரி. ஆனா பறியில மீன் திரும்பி வெளியே வராம இருக்க உள்ளே இன்னொரு சின்னக் கூம்பு வச்சிருப்போம். நான் பார்த்த பெரிய கூடைகள்ல அது இல்லை, இரையும் இல்லை. வாய் ஆத்துப் போக்கை எதிர்த்து இருக்கும். கரையில சாய்ச்சு வச்சிருந்த ஒரு கூடையோட வாய்க்குள்ள நான் குனியாம நின்னேன். அங்கேயிருந்து போகப் போகக் குறுகி, வால் பக்கம் கை நுழையுற அளவுக்கு வந்திடும். பாறை இடுக்குல தண்ணி எங்க ஒடுங்கிப் பாயுதோ சரியா அங்க இறக்குறாங்க. தண்ணி பின்னல் வழியா வெளியே போயிடும். வேகத்துல அடிச்சுக்கிட்டு வர்ற மீன் வாலுக்குப் போய்ச் சிக்கிக்கும். திரும்ப இடமில்லை, திரும்பினாலும் எதிர்நீச்சல் போட முடியாது. தண்ணி குறைஞ்ச இடத்துல இந்தக் கூடையை வச்சா ஒரு பிரயோஜனமும் கிடையாது, மீன் சாவகாசமா வெளியே போயிடும்.

பின்னல் இடைவெளி பெருசு. அதனால குஞ்சும் பொடியும் நழுவிடும், பெருசுதான் நிக்கும்.

ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பார்க்கிறாங்க. கூடையைத் தூக்குறது ஒரு ஆள் வேலை இல்லை. தூக்கிப் பார்த்து மீன் இருந்தா, ஒருத்தன் தண்ணியில குதிச்சுப் போய் எடுத்துட்டு வருவான். வீடியோவுல அதைத்தான் பெருசா காட்டுவாங்க. காட்டாதது என்னன்னா, பத்துக் கூடை தூக்கினா முக்கால்வாசி காலி.

கல்லிடை ராசு:

அண்ணாச்சி, கண் முன்னாடி கொண்டுவந்துட்டீங்க. இன்னொரு சந்தேகம். தண்ணி ஒடுங்குற இடம் கொஞ்சம்தானே இருக்கும்? நல்ல இடம் யாருக்குன்னு சண்டை வராதா? எங்க ஊர்ல குளம் அழியும்போது மீன் ஏலத்துக்கே வெட்டுக்குத்து ஆயிருக்கு.

கிசங்கானி கணக்கப்பிள்ளை:

இதைத்தான் யாராவது கேட்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன். எல்லாரும் கம்பைப் பார்த்து வாயைப் பிளக்கிறாங்க. எனக்குக் கணக்குதான் தொழில், அதனால நான் பார்த்தது பாத்தியதையை.

குழி ஒவ்வொண்ணும் குடும்பத்துச் சொத்து. இன்ன பாறை இடுக்கு இன்ன வீட்டுக்காரங்களுதுன்னு ஊருக்கே தெரியும். அப்பன் வச்ச இடத்துல மகன் வைக்கிறான், அண்ணன் தம்பி கூடிச் செய்றாங்க. பத்திரம், பட்டா, சர்வே கல் எதுவும் கிடையாது. தண்ணி ஏறிக் கம்பெல்லாம் போய், பாறையே மூழ்கி, மாசக்கணக்குல ஒரு அடையாளமும் இல்லாம கிடக்கும். தண்ணி வடிஞ்சதும் அவங்கவங்க நேரா அவங்கவங்க குழிக்கு வந்து நிப்பாங்க. எனக்கு இதுதான் அந்தக் கட்டுமானத்தை விடப் பெரிய ஆச்சரியம். நாம வேலி போட்டு, கல் நட்டு, வக்கீலுக்கும் குடுத்து, அப்புறமும் வாய்க்கா வரப்புக்கு மல்லுக்கட்டுறோம்.

சண்டையே வராதுன்னு சொல்லலை. வந்தா ஊர்த்தலைவர் முன்னாடி உட்கார்ந்து பேசுவாங்க. தலைவருக்குப் பங்கு உண்டு. பார்க்க வர்றவன் குடுக்கிற காசும் அவர் வழியாத்தான் போகணும்னு முறை. நடுவுல "நான்தான் வழிகாட்டி"ன்னு ஒரு இளவட்டம் என்கிட்டயும் ஒரு தொகை வாங்கினான், பிறகு பெரியவர் வீட்டுல திரும்பவும் குடுக்க வேண்டியிருந்துச்சு. ரசீது கேட்டேன். சிரிச்சாங்க.

அந்த ஜனங்களுக்கு ஏன்யான்னு பேரு, ஸ்வாஹிலியில வாகேனியா. டவுனுக்குள்ள ஸ்வாஹிலி, லிங்காலா ரெண்டும் பேசுறாங்க, ஆபீஸ்ல பிரெஞ்சு. நான் உடைஞ்ச ஸ்வாஹிலியை வச்சே காலத்தை ஓட்டினேன்.

வலை ஏன் போடலைன்னு கேட்டீங்க. போடுறாங்களே. பாறைக்குக் கீழே ஆறு அமைதியான இடத்துல வலை, தூண்டில் எல்லாம் உண்டு. மரத்தைக் குடைஞ்ச நீளமான ஓடம், பிரோக்னு சொல்லுவாங்க, அதுல நின்னுக்கிட்டே துடுப்பு போடுவாங்க. ஆனா அந்த நுரைக்குள்ள வலையைப் போட்டா ஒரே நிமிஷத்துல பாறையில அறுந்து கந்தலாயிடும். அந்த இடத்துக்குக் கூடைதான் தாங்கும். பழசுன்னு பிடிச்சுக்கிட்டு இருக்கலை, அங்க வேற எதுவும் நிக்காது.

முத்து, லாகோஸ்:

நல்ல இழை. எங்க நைஜீரியாவுல நேர்மாறா ஒண்ணு இருக்கு. வடமேற்கே கெப்பி மாநிலத்துல அர்குங்குன்னு ஊர். மத்தான் ஃபடா ஆத்துல வருஷம் முழுக்க மீன் பிடிக்காம காவல் காப்பாங்க, அதுக்குன்னே சர்க்கின் ருவான்னு ஒரு பதவி. அப்புறம் ஒரு நாள் ஆயிரக்கணக்குல ஆளுங்க ஒரே நேரத்துல கைவலையும் பெரிய சுரைக்குடுக்கையுமா குதிப்பாங்க. குடுக்கை மிதவைக்கு, பிடிச்ச மீனை அதுக்குள்ள போட்டுக்கவும் ஆகும். பெரிய மீன் கொண்டு வர்றவனுக்குப் பரிசு. 1934-ல சொக்கோட்டோ சுல்தான் வந்தப்ப நடந்ததுல இருந்து பெரிய விழாவாச்சு. நடுவுல பத்து வருஷம் போல நின்னு போய் 2020-ல திரும்ப நடந்துச்சு. யுனெஸ்கோ பட்டியல்லயும் இருக்கு. நான் டிவியிலதான் பார்த்தேன், அந்தப் பக்கம் போக வீட்டுல விடலை.

ஆசிரியை செல்வி:

நான் ஜாம்பியாவின் மேற்கு மாகாணத்தில், மோங்குவில் பள்ளி ஆசிரியை. இங்கே பாறையே இல்லை. ஜாம்பேசி ஆறு பரந்த புல்வெளியில் ஏறி, மார்ச், ஏப்ரல் வாக்கில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீராகிவிடும். இங்குள்ள லோசி மக்களின் மன்னரே லேயாலுயி அரண்மனையைவிட்டு மேட்டிலுள்ள லிமுலுங்காவுக்குப் படகில் போய்விடுவார். மீன்பிடிப்பு சூடு பிடிப்பது தண்ணீர் வடியும்போதுதான். புல்வெளியில் மேய்ந்து கொழுத்த மீன்கள் ஆற்றுக்குத் திரும்புகிற தாழ்வான வழிகளில் மண்ணால் கரை கட்டி, நடுவே விட்ட இடைவெளியில் கூடை வைப்பார்கள். மாலெலோ என்று பெயர். அந்தக் கரைகளும் குடும்பச் சொத்து என்பதால் ஐயா சொன்னதைப் படித்ததும் அப்படியே பொருந்தியது. குட்டைகளில் மிச்சமாகும் மீனைப் பெண்கள் கூட்டமாக இறங்கிக் கூடையால் கோரி எடுப்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அந்த நாட்களில் பள்ளிக்கு வருவதில்லை, நானும் கேட்பதில்லை.

ஒரு கவலையும் சொல்ல வேண்டும். கொசுவுக்கென்று இலவசமாகக் கொடுக்கிற வலையைச் சிலர் ஒன்றோடொன்று தைத்து ஆற்றில் இழுக்கிறார்கள். அதில் தப்புகிற குஞ்சு இல்லை. சட்டப்படி அது குற்றம். டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய இனப்பெருக்கக் காலத் தடையும் நாட்டின் பெரும்பாலான ஆறு, ஏரிகளில் உண்டு. ஆனாலும் நடக்கிறது. வறுமையில் இருக்கிறவரிடம் கையில் கிடைத்த வலையைப் போடாதே என்று எந்த வாயால் சொல்வது? மண்கரை வைத்திருக்கிற பெரியவர்கள் இதைப் பற்றிப் பேசினாலே கொதித்துப் போகிறார்கள். ஐயா, காங்கோவிலும் இப்படி உண்டா?

கிசங்கானி கணக்கப்பிள்ளை:

டீச்சரம்மா, கொசுவலை சங்கதி அங்கேயும் காதுல விழுந்துச்சு, ஆனா அருவிக்குள்ள இல்லை, கீழே ஓரத்துத் தண்ணியில. பாறைக்கு நடுவுல கொசுவலையைக் கொண்டு போனா ஆத்துக்கே காணிக்கை. உங்க மாணவர்கள் கதை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

நீங்க சொன்ன மண்கரைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் தோணுது. உங்க ஊர்ல மீன் போற வழியை மனுஷன் கட்டுறான். வாகேனியாவுல வழி ஏற்கெனவே பாறையில இருக்கு, எங்க நிக்கணும்னு தெரிஞ்சிருந்தாப் போதும். அந்தத் தெரிவைச் சொல்லிக் குடுக்கிற விதம் வேடிக்கையா இருக்கும். சின்னப் பசங்க பெரியவங்க பின்னாடியே கம்பு மேல ஏறிடுவாங்க. யாரும் பாடம் நடத்தறதில்லை. ஒரு பையன் தப்பான கம்புல கால் வச்சான், பெரியவர் ஒண்ணும் சொல்லாம அவன் கெண்டைக்காலை ஒரு தட்டு தட்டினார். அவன் காலை மாத்தி வச்சான். நடக்குறதுக்கு முன்னாடியே நீச்சல் தெரிஞ்ச பசங்க, பார்க்கிற நமக்குத்தான் வயித்துல புளி கரையும்.

கல்லிடை ராசு:

செல்வி அக்காவுக்கும் முத்து அண்ணனுக்கும் நன்றி. மணி அண்ணே, கான்கிரீட் எங்க? 😀

மணி 77:

சரிப்பா, ஒத்துக்குறேன். ஆனா மீன் எப்படி இருக்கும், அதை யாரும் சொல்லலையே.

கிசங்கானி கணக்கப்பிள்ளை:

கேட்டீங்களே ஒரு கேள்வி!

கூடையில விழறதுல பேர் போனது எம்பெங்கா. பெரிய புலிமீன். 50 கிலோ வரைக்கும் வளருமாம். வாயை மூடினாலும் பல்லு வெளியேதான் தெரியும், கத்தி கத்தியா. நான் பார்த்த ஒரு எம்பெங்கா கரையில கிடந்து, செத்துட்டுன்னு நினைச்ச நேரத்துல கூடைக் குச்சி ஒண்ணைக் கடிச்சு ரெண்டாக்கிடுச்சு. அதனால எடுக்கப் போறவன் செவுள் பக்கமா கை போடுவான், வாய்ப்பக்கம் போகவே மாட்டான். ஆனா பார்க்க இருக்கிற மிரட்டல் சாப்பிட இல்லை, முள் ஜாஸ்தி. கெளுத்தி வகையும் நிறைய வரும். எனக்குப் பிடிச்சது கப்பித்தேன்னு அங்க சொல்ற மீன். நம்ம கொடுவாவுக்குச் சொந்தக்கார மீன், வெள்ளைச் சதை, கனமான முள்தான், பயமில்லாம பிள்ளைங்களுக்குக் குடுக்கலாம்.

விற்கிறது முழுக்கப் பொம்பளைங்க. கரைக்கு வந்த உடனே மீன் அவங்க கைக்குப் போயிடும், அதுக்கப்புறம் ஆம்பளைக்கு விலை பேச வாய் கிடையாது. அன்னைக்கே போகாததைப் புகை போட்டு வச்சிடுவாங்க. புகை மீன் வாசம் கடைத்தெரு முழுக்க நிக்கும். என் கணக்கு நோட்டுலகூட அந்த வாசம் இருந்துச்சு.

சமையல்ல லிபோக்கேன்னு ஒண்ணு. மீன் துண்டு, வெங்காயம், தக்காளி, உப்பு, பிலிபிலி மிளகாய், கொஞ்சம் எண்ணெய். எல்லாத்தையும் அகலமான காட்டு இலையில வச்சு, மேல சேர்த்துக் கட்டி, கரி அடுப்புல போட்டுடுவாங்க. இலை கருகக் கருக உள்ளே மீன் தன் தண்ணியிலேயே வெந்திடும். தொட்டுக்க சிக்வாங். மரவள்ளியைப் புளிக்க வச்சு அரைச்சு இலையில சுத்தி அவிச்சது. முதல் வாய் எனக்குப் பிடிக்கலை, புளிச்ச வாடை அப்படி. ரெண்டு மாசம் கழிச்சு அது இல்லாம மீன் இறங்கலை. நானே ஒரு நாள் ஊர்ல இருந்து கொண்டு போன புளியைக் கரைச்சுக் குழம்பு வச்சேன். பக்கத்துக் கடை அம்மா ஒரு கரண்டி குடிச்சுப் பார்த்துட்டு, மீன் கெட்டுப் போச்சான்னு கேட்டாங்க.

மணி 77:

புளி ஊத்துனா மீன் கெட்டுப் போச்சாமா? அந்தம்மாவை ஒரு தடவை எங்க வீட்டுக்கு அனுப்புங்க, அயிரை மீன் குழம்பு வச்சுப் பேசிக்கலாம்.